உடைப்பதற்கென்றே ஊற்றும் ஒரு மீட்டர்

சென்னையில் கடலோரத்திலோ பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்திலோ பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தால், அது மேல்மண்ணை நம்பி நிற்பதில்லை. தளர்ந்த மணலையும் குழைந்த களியையும் தாண்டிக் கெட்டியான அடுக்குவரை இறங்கிய கான்கிரீட் தூண்கள்தான் அதைத் தாங்குகின்றன. சைட்டில் அவற்றுக்குப் பெயர் பைல். பைல் போடும்போது ரிக் வரும், சேறு வழியும், தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். சில வாரம் கழித்து நடக்கும் வேலையை யாரும் பார்ப்பதில்லை. தகரத் தடுப்புக்கு உள்ளே, தோண்டிய பள்ளத்தில், நான்கைந்து பேர் பிரேக்கரைப் பிடித்துக்கொண்டு அதே பைல்களின் தலையை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

காசு கொடுத்து ஊற்றிய கான்கிரீட்டை எதற்காக உடைக்க வேண்டும்? அந்தத் தலைப்பகுதி நம்பத் தகுந்த கான்கிரீட் இல்லை என்பதற்காக.

நம் ஊரில் பெரும்பாலும் போடப்படுவது துளையிட்டு அங்கேயே வார்க்கும் பைல். துளை சரிந்துவிடாமல் இருக்க அதில் பென்டோனைட் களிக் கரைசலை நிரப்பியிருப்பார்கள். தண்ணீரைவிட அது சற்றே கனம். கான்கிரீட்டோ தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைந்த கனம். ட்ரெமி என்ற நீண்ட குழாயைத் துளையின் அடிவரை இறக்கி அதன் வழியே கான்கிரீட்டை விட்டால், கனமானது அடியில் தங்கிக் கரைசலை மேலே தள்ளும். குழாயின் வாய் எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருப்பதால் புதிதாக வருவது உள்ளேயே சேரும். முதலில் இறங்கியது பெரும்பாலும் மேலே மிதந்தபடி உயர்ந்துகொண்டே வரும். ஆக, பைலின் உச்சியில் இருப்பது முதல் லோடு. வழியெல்லாம் களியோடும் அடிச்சகதியோடும் உரசி, சிமென்ட் கழுவப்பட்டு, மண் கலந்து வந்தது. இதன் மேல் பன்னிரண்டு மாடியை வைக்க முடியாது.

அதனால் தேவைக்கு மேலாகவே ஊற்றுகிறார்கள். பைல் எந்த உயரத்தில் முடிய வேண்டும் என்று வரைபடம் சொல்கிறதோ அது கட்-ஆஃப் லெவல். ட்ரெமி மூலம் வார்க்கும் பைலில் கான்கிரீட் மேலே வழியும்வரை ஊற்ற வேண்டும், அல்லது கட்-ஆஃப் லெவலுக்கு மேல் குறைந்தது ஒரு மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 2911. பிறகு அந்த ஒரு மீட்டரை உடைத்தெடுத்து, உள்ளிருக்கும் கம்பிகளை வெளியே நிற்கவிட்டு, பைல்களின் தலைமேல் அமையும் கான்கிரீட் கட்டையான பைல் கேப்போடு அவற்றைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். பைலின் கான்கிரீட்டும் 50 மில்லிமீட்டர் அளவுக்காவது கேப்புக்குள் நுழைந்திருக்க வேண்டும்.

உடைக்கும்போது கிட்டே போய்ப் பார்த்தால் இந்தக் கதை முழுவதும் வெட்டுமுகத்தில் தெரியும். உச்சியில் பழுப்பு ஏறிய சாம்பல் நிறம். உளி பட்டதும் மாவாக உதிரும். கையால் கிள்ளி எடுக்கும் அளவுக்குக் களி உருண்டைகளும் அங்கங்கே புதைந்திருக்கும். ஓர் அடி, ஒன்றரை அடி இறங்கியதும் ஜல்லி நெருக்கமாகத் தென்படும், நிறம் நீலச் சாம்பலுக்கு மாறும், அதுவரை 'தொப் தொப்' என்று விழுந்த சுத்தியல் 'ணங்' என்று எகிறும். அனுபவமுள்ள மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டே 'நல்ல கான்கிரீட் வந்திருச்சு' என்பார். சிக்கல் என்னவென்றால், அந்த 'ணங்' கட்-ஆஃப் லெவலுக்கு மேலேயே வந்துவிட்டாலும் மீதி இருப்பதையும் உடைத்துத்தான் ஆக வேண்டும். மோசமான கான்கிரீட்டை உடைப்பது எளிது. நல்லதை உடைக்கும்போதுதான் உடம்பு விலை கொடுக்கிறது.

கான்கிரீட்டின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் பிடிபடும். அழுத்தத்தை அது அபாரமாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. எம்30 என்று பெயரிட்ட கலவை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்குகிறது என்றால், இழுவையில் அது 3 நியூட்டனை ஒட்டியே விட்டுக்கொடுத்துவிடும். பிரேக்கர் எதிர்த்து மோதுவது கான்கிரீட்டின் பலத்தோடு. உளியின் நுனியில் அழுத்திப் பொடியாக்கி, அந்தப் பொடி பக்கவாட்டில் நெம்பி, மெல்லிய விரிசல் கிளம்பி, ஒரு சில்லு பெயரும். ஒரு மீட்டர் விட்டமுள்ள பைலில் இந்தச் சில்லுகளை ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் செலவாகும் ஆற்றலில் ஒரு பங்கு பிடித்திருப்பவரின் கைக்குத் திரும்பி வருகிறது.

பைல் தலைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சாலையை உடைப்பவர் பிரேக்கரைச் செங்குத்தாக நிறுத்தி அதன் எடையை வேலை செய்ய விடலாம். பைலில் மேலிருந்து நேராகக் குத்தினால் விரிசல் கட்-ஆஃப் லெவலைத் தாண்டிக் கீழே ஓடிவிடக்கூடும் என்பதால், கடைசிப் பகுதியைப் பக்கவாட்டிலிருந்துதான் தட்டியெடுக்க வேண்டும். பதினைந்து இருபது கிலோ எடையுள்ள கருவியை இடுப்பு உயரத்தில் படுக்கைவசமாகத் தூக்கி, தொடையாலோ வயிற்றாலோ முட்டுக்கொடுத்து அழுத்தியபடி நிற்கிறார்கள். இரும்பு முதுகுத்தண்டு இருந்தாலும் வலிக்கும். அழுத்திப் பிடிக்கப் பிடிக்க அதிர்வும் கைக்குள் கூடுதலாக ஏறும்.

அந்த அதிர்வு என்ன செய்யும் என்பது நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த சங்கதி. 1918 குளிர்காலத்தில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள பெட்ஃபோர்டுக்குப் போனார். சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன ஊர். அங்கே கல்தச்சர்கள் காற்றுச் சுத்தியல்களுக்கு மாறிச் சில காலம் ஆகியிருந்தது. குளிர்ந்த காலை வேளைகளில் அவர்களுடைய விரல்கள் ரத்தமே இல்லாததுபோல் வெளுத்துப் போயின. வெளுத்த இடத்துக்கும் சாதாரணத் தோலுக்கும் இடையே கோடு கிழித்தாற்போல எல்லை தெரிந்தது. உளியைப் பிடிக்கும் இடக்கைதான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது. கருவியின் அதிர்வு, பிடியின் இறுக்கம், குளிர் மூன்றும் சேர்ந்த விளைவு இது என்று எழுதினார் ஹாமில்டன். அடுத்த ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் பெண் ஆசிரியராக நியமித்தது. 1978-ல் அதே வட்டாரத்துக்கு ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். அறுபதாண்டில் நோய் குறைந்ததாகத் தெரியவில்லை. ஏறத்தாழ அதே கருவிகளும் இருந்தன.

'இது குளிர் தேசத்து நோய், நமக்கெதற்கு?' என்று நம் சைட்டுகளில் கேட்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. வெப்ப நாடுகளில் விரல் வெளுப்பது அரிதாகவே தெரிகிறது, ஏனென்றால் ரத்தக்குழாயைச் சுருக்கிக் காட்டும் குளிர் இங்கே இல்லை. ஆனால் நரம்புக்கு நேரும் சேதம் தட்பவெப்பம் பார்ப்பதில்லை. முதலில் சாயங்காலம் விரல் நுனியில் குறுகுறுப்பு. பிறகு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் மரமரப்பு. கடைசியில் சட்டைப் பித்தான் போட முடியாது, சோற்றைப் பிசையும்போது சூடு உறைக்காது. வெளுப்பு என்ற கண்கூடான அடையாளம் இல்லாததால் நம் நாட்டில் இந்த நோய் கணக்கிலேயே வராமல் போகிறது. போதாக்குறைக்கு, சென்னை சைட்டுகளில் இந்த வேலை செய்பவர்களில் நிறையப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். கை மரத்துப்போவது தெரியவரும்போது அவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். அங்கே இருக்கும் மருத்துவருக்குப் பிரேக்கர் கதை யார் சொல்வது?

ஐரோப்பாவும் பிரிட்டனும் இதற்கு ஓர் எண் வைத்திருக்கின்றன. கைக்கு வரும் அதிர்வின் முடுக்கத்தை எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக்கினால் 2.5 மீட்டர்/விநாடி² தாண்டும்போது முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. இந்தக் கணக்கில் அதிர்வின் வர்க்கம்தான் செல்லும்: அதிர்வு இரு மடங்கானால் அனுமதி நேரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. 12 அளவில் அதிரும் ஒரு சாதாரணப் பிரேக்கரை எடுத்துக்கொண்டால், சுமார் 20 நிமிடத்தில் முதல் எல்லை வந்துவிடும். 83 நிமிடத்தில் இரண்டாவது. உளி மழுங்கிய, புஷ் தேய்ந்த பழைய கருவி 20 அளவில் அதிர்ந்தால் எட்டு நிமிடத்துக்குள் முதல் எல்லை, அரை மணியில் கதை முடிந்தது. இவை விரல் விசையை அழுத்தியிருக்கும் நேரம் மட்டும். டீ குடித்த நேரம், கம்ப்ரசருக்கு டீசல் ஊற்றிய நேரம் சேராது. அப்படியும், ஒருவர் நாள் முழுக்க இதையே செய்வது எந்தக் கணக்கிலும் அடங்காது.

அதிர்வைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் மெத்துக் கையுறைகளை நான் நம்புவதில்லை. பிரேக்கர் நொடிக்கு இருபதை ஒட்டிய தடவை அடிக்கிறது. அந்த மெதுவான பெரிய அதிர்வை மெத்தை அப்படியே கடத்திவிடும். அது வடிகட்டுவது அதைவிடப் பலமடங்கு வேகமான நடுக்கத்தை மட்டும். சில்லு கிழிக்காமல் இருக்கவும் பிடி வழுக்காமல் இருக்கவும் கையுறை வேண்டும்தான். ஆனால் 'கிளவுஸ் கொடுத்துவிட்டோம்' என்பதோடு பொறுப்பு தீராது. ஆள் மாற்றி மாற்றிப் பிடிப்பது, உளியை அன்றாடம் தீட்டி வைப்பது இரண்டும் அதைவிட மேல்.

கையைவிட மோசமாக நுரையீரல் தோற்கும். வேலை தொடங்குமுன் கட்-ஆஃப் லெவலில் பைலைச் சுற்றி ஒரு வளையம் அறுப்பார்கள். கீழே இருக்கும் கான்கிரீட் ஓரம் பெயராமல் இருப்பதற்காக. கம்பிக்கு வெளியே இருக்கும் கவர் கனத்துக்குள்ளேயே நிற்கும், இரண்டு சென்டிமீட்டர் ஆழம் போதும். கிரைண்டரை உலர்வாக ஓட்டினால் அந்த இரண்டு சென்டிமீட்டரும் புகையாக எழும். எம்-சாண்டிலும் ஜல்லியிலும் குவார்ட்ஸ் இருக்கிறது, அறுபட்டால் நுண்துகளாகும். நம்மைத் தும்மவைக்கும் பெரிய துகள் மூக்கிலேயே நின்றுவிடும், அதைப் பற்றிக் கவலையில்லை. நாலைந்து மைக்ரான் அளவுள்ளதுதான் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகிறது. தலைமுடி ஒன்றின் கனத்தில் அது பதினைந்தில் ஒரு பங்கு இருக்கும். ஒரு மைக்ரான் துகள் அசையாத காற்றில் ஆளுயரத்திலிருந்து தரைக்கு வர ஐந்து மணி நேரம் பிடிக்கும். அதாவது தூசு அடங்கிவிட்டது என்று முகமூடியைக் கழற்றும்போது அது மூக்குக்கு நேராகவே மிதந்துகொண்டிருக்கிறது.

உள்ளே போன துகளை விழுங்க வெள்ளணு ஒன்று வரும். விழுங்கியதும் அதுவே செத்துப்போகும். துகள் வெளியே வரும். அடுத்த வெள்ளணு வரும். இந்த ஓயாத சண்டையில் நுரையீரல் தழும்பேறி இறுகுவதுதான் சிலிக்கோசிஸ். அதற்கு மருந்தில்லை. 1930-31-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தை உலர்வாகக் குடைந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் ஓரிரு ஆண்டிலேயே இதனால் இறந்தார்கள். பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பினத்தவர். இன்று அமெரிக்காவில் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காதான் அனுமதி. நம் சைட்டில் வாயைச் சுற்றிக் கட்டும் துண்டு இந்தத் துகளுக்குக் கதவே இல்லாத வாசல். அறுக்கும் வாயிலேயே தண்ணீர் விழ வேண்டும். தண்ணீர் எடுக்காத தூசுக்கு முகத்தில் இறுகப் பொருந்தும் முகமூடி. அது தாடியோடு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிரேக்கர் அருகே ஓசை நூறு டெசிபலை எளிதில் தொடும். அந்த அளவுக்கு ஒரு நாளில் 15 நிமிடம் போதும் என்கிறது அமெரிக்கத் தொழில்நலக் கழகம்.

இதுவரை சொன்னதெல்லாம் பிரேக்கரை எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றியது. பிரேக்கரே வேண்டாம் என்றால்?

இழுவையில் கான்கிரீட் பலவீனமானது என்பதைக் குவாரிக்காரர்கள் கல்லில் என்றோ கண்டுகொண்டார்கள். வரிசையாகத் துளை போட்டு ஆப்பு அடித்தால் பாறை கோடு பிடித்துப் பிளக்கும். மாமல்லபுரத்துப் பாறைகளில் அந்தத் துளை வரிசைகளை இன்றும் பார்க்கலாம். பைலின் பக்கவாட்டில் கட்-ஆஃப் லெவலுக்குச் சரியாக ஒரு துளை போட்டு, அதில் ஹைட்ராலிக் ஆப்பைச் செருகி விரித்தாலும் அதேதான் நடக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில், பெரிய சத்தமில்லாமல், தலை முழுதாகப் பிரிந்து நிற்கும். ஆனால் ஒரு தடை இருக்கிறது: கம்பிகள். தலைக்குள்ளே ஓடும் ஒவ்வொரு கம்பியையும் கான்கிரீட் இறுகப் பற்றியிருக்கிறது. பிளந்தாலும் தூக்க முடியாது.

இதற்கான தீர்வு அவ்வளவு எளிமையானது என்பதே எரிச்சலூட்டுகிறது. கம்பிக் கூட்டைத் துளைக்குள் இறக்குமுன், கட்-ஆஃப் லெவலுக்கு மேல் வரும் கம்பிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோம் குழாயை மாட்டிவிட்டால் போதும். ஏசி பைப்புக்குச் சுற்றுகிறார்களே, அந்த வகை. அடிப்பக்கம் டேப் ஒட்டி இறுக்க வேண்டும், சிமென்ட் பால் உள்ளே இறங்கக் கூடாது. அந்த உயரத்துக்குக் கான்கிரீட் கம்பியைத் தொடாது. பிறகு பிளந்து, தலையில் துளைத்துப் பொருத்திய கொக்கியில் கிரேனை மாட்டித் தூக்கினால், தொப்பி கழல்வதுபோல மேலே வந்துவிடும். கம்பிகள் வளையாமல் நேராக நிற்கும்.

தூக்கும் நேரம் மட்டும் ஆளைக் கொல்லக்கூடியது. ஒரு மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் உயரமுள்ள தலை ஏறத்தாழ இரண்டு டன். எங்காவது ஒரு குழாய் கிழிந்து கான்கிரீட் கம்பியைப் பிடித்திருந்தால் கிரேன் இழுக்க இழுக்க வராது. பிறகு ஒரே எகிறலில் வரும். அதனால் கிரேனுக்குத் தலையின் எடையைவிடத் தாராளமான திறன் வேண்டும், கம்பிகளுக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. பழைய முறையிலும் இந்த எடை மறைந்திருக்கிறது. சுற்றிலும் குடைந்துவிட்டு நடுவை மட்டும் மிச்சம் வைத்து, கம்பிகளையும் அறுத்துவிட்டால், இரண்டு டன் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடைக்கும் பைலின் மேலேயே ஏறி நிற்பவர்களையும் பார்க்கிறோம். தான் நிற்கும் கிளையை வெட்டிய ஆள் கதையை அவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. ஏறி நிற்க மேடை அமைத்துக் கொடுத்தால் இறங்கிவிடுவார்கள்.

சத்தமே கூடாத இடங்களில் விரியும் கலவையைப் பயன்படுத்துவதுண்டு. அடிப்படையில் அது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் சேர்த்துத் துளையில் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பாக மாறும்போது கனஅளவு ஏறத்தாழ இரண்டு மடங்காக முயலும்; துளைச் சுவரில் ஒரு நாளுக்குள் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டனைத் தாண்டும் அழுத்தம் ஏறும். 3-ல் விரிசல் விடும் பொருளுக்கு அது தாராளம். இந்தக் கலவை வெப்பநிலைக்கேற்பத் தனித்தனி ரகமாக வருவதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். குளிர்கால ரகத்தை மே மாத வெயிலில் கலந்தால் வினை வெறி பிடித்ததுபோல் வேகமெடுத்து, கொதிக்கும் சுண்ணாம்பு துளையிலிருந்து பீறிட்டடிக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போகும். ஊற்றிய துளையை எட்டிப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை ஒவ்வொரு பையிலும் அச்சிட்டிருப்பது சும்மா இல்லை.

அவசரக்காரர்கள் கையாளும் வழி ஒன்றே ஒன்று: எக்ஸ்கவேட்டர் பக்கெட்டால் பக்கவாட்டில் ஓர் இடி. தலை உடைந்துவிடும். அதோடு கட்-ஆஃப் லெவலுக்கு இரண்டு மூன்று மீட்டர் கீழேயும் குறுக்கே விரிசல் விழுந்திருக்கலாம், மண்ணுக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. இதைக் கண்டுபிடிக்கத்தான் பைல் முகத்தில் ஓர் உணரியை வைத்துச் சிறு சுத்தியலால் தட்டும் சோதனை இருக்கிறது. அலை நொடிக்கு 4,000 மீட்டர் வேகத்தில் இறங்கி, 20 மீட்டர் பைலின் அடியில் பட்டு 10 மில்லி விநாடியில் திரும்ப வேண்டும். அதற்கு முன்பே எதிரொலி வந்தால் நடுவில் ஏதோ கோளாறு. தலையை உடைக்குமுன் பைலின் வயதும் பார்க்க வேண்டும்: கையால் உடைப்பதற்கு வார்த்து மூன்று நாள், காற்றுக் கருவிக்கு ஏழு நாள் என்பது ஐ.எஸ். 2911 விதிக்கும் குறைந்தபட்சம். இளம் கான்கிரீட் உடைக்க எளிதாக இருப்பதால் அதற்கு முன்பே கை வைக்கும் ஆசை எப்போதும் உண்டு.

தலை போன பிறகு பள்ளம் முழுக்கக் கம்பிகள் நிமிர்ந்து நிற்கின்றன. 25 மில்லி கம்பி ஒரு மீட்டருக்கு மேல். அதன் நடுவே ஆட்கள் சேற்றில் நடக்கிறார்கள், மேலே பலகையில் ஜல்லி சுமக்கிறார்கள். கம்பி முனையில் மாட்டும் சின்னக் காளான் வடிவப் பிளாஸ்டிக் மூடி கீறலைத்தான் தடுக்கும். மேலிருந்து ஓர் ஆள் விழுந்தால் மூடியையும் சேர்த்துத் துளைத்துவிடும். எஃகுத் தகடு வைத்த அகலமான மூடி வேண்டும், அல்லது வரிசைக்கு மேல் ஒரு மரச்சட்டம் கிடத்த வேண்டும்.

தலை உடைப்பைப் பெரும்பாலும் 'பைலுக்கு இவ்வளவு' என்று பேசித் துணை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். அப்படிப் பேசியதும் இடைவேளை, தண்ணீர், ஆள் மாற்றுவது எல்லாமே தொழிலாளியின் கூலியிலிருந்து கழிவதாகிவிடும். சேஃப்டி ஆபீசர் எவ்வளவு கத்தினாலும் அவருக்கு அரை மணிக்கு மேல் மதிப்பில்லை. ஃபோம் குழாயின் விலை யார் கணக்கிலும் இல்லை. அதை மாட்ட வேண்டியவர் பைலிங் ஒப்பந்தக்காரர், பலன் அடைபவர் பிறகு வரும் இன்னொருவர். முதலாமவர் தன் காசில் அதை வாங்க எந்தக் காரணமும் இல்லை. கம்பிக் கூடு துளைக்குள் இறங்கிய பிறகு வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. எனவே டெண்டர் ஆவணத்திலேயே, கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் பக்கத்தில், இத்தனை மீட்டர் ஃபோம் குழாய் என்று ஒரு வரி தனி விலையோடு இருக்க வேண்டும். தலையை உடைக்கும் கூலியும் அந்த வரியைப் பார்த்தே பேசப்பட வேண்டும்.